ஆணாக்கும்

அருமனைச் சந்தையில் கால் கிலோ அறுபது ரூபாய்.
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது ரம்புட்டான்.
பேருந்து களியலில் நிற்குமுன் ஒன்பதும் தீர்ந்தது.
கடைசிக் கொட்டையைத் துப்ப
சன்னல் வரை போன வாய்
ஏனோ திரும்பி வந்தது.
முன்பு துப்பிய எட்டையும் நினைத்துக்கொண்டேன்,
சாலையோரம் எட்டும் என்னவாகுமோ.

மாங்கொட்டை சில நாள் பொறுக்கும்.
புளியங்கொட்டை, நம்மைப் புதைத்த பிறகும் பொறுக்கும்.
இதற்குப் பொறுமை கிடையாது. காய்ந்தால் செத்தது.
அன்றிரவே சாம்பல் போட்டு உரசி,
வழுவழுப்புப் போகக் கழுவி,
பால் கவரில் மண்ணும் தும்புத் தூளும் நிறைத்து
ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.
பதினான்காம் நாள்
மண் ஓர் ஓரத்தில் வெடித்திருந்தது.

"ஒட்டுக்கன்று முந்நூற்றம்பதுக்கு நம்மகிட்டயே கிடக்கு.
மூணாம் வருசம் காய்க்கும்.
கொட்டையில வாறது ஆணா பெண்ணான்னு
பூத்தாத்தான் தெரியும், கேட்டியளா அக்கா,"
என்றான் நர்சரி வின்ஃபிரட்.

நான் ஷீட்டுக்கடையில் கணக்கெழுதுகிறவள்.
வருகிற ரப்பர் ஷீட்டையெல்லாம்
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
நாலாம் தரம், ஐந்தாம் தரம், கழிவு
என்று பிரிப்பதைப் பதினாறு வருடமாய்ப் பார்க்கிறேன்.
கன்றையும் அப்படித் தூக்கிப் பிடித்தேன்.
இலை தெரிந்தது. இலைக்கு அப்பால்
எதிர்வீட்டு ஓடு தெரிந்தது.

ஒக்கி வந்த இரவு
மேலே விளையில் எண்பது ரப்பர் முறிந்தது.
ஒவ்வொன்றும் முறிகிற சத்தம் தனித்தனியாய்க் கேட்டது.
என்னுடையது முழங்கால் உயரம்.
காற்றுக்கு அதைக் கண்ணில் படவில்லை.

ஏழாம் வருடம் மாசியில் பூத்தது.
வெள்ளையுமில்லை பச்சையுமில்லை,
கொத்துக் கொத்தாய், மரம் முழுக்க.
கடைக்குப் பிந்திப் போனேன் மூன்று நாள்.
வின்ஃபிரட் வந்து ஒரு கொத்தை ஒடித்தான்,
செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினான்,
விரலால் இன்னும் பெரிதாக்கினான்.
"ஆணாக்கும்."

எங்கள் ஊரில் அந்த 'ஆக்கும்' விழுந்துவிட்டால்
மேல்முறையீடு இல்லை.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி
வாளை எடுத்து வந்து மரத்தில் சாய்த்தார்.
அந்த நேரம் பார்த்துத்
தேன்பெட்டிக்காரர் தாசையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.
ரப்பர் தளிர்க்கிற காலம், அவர் பெட்டிகள் நாற்பது
மேலே விளையில் இருந்தன.
"பெட்டி எடுத்துட்டுப் போற வரைக்கும் நில்லுங்க சாரே.
என் ஈயில பாதி இங்கதான் கிடக்கு."
மரத்துக்குள் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல் இருந்தது.
அதுவரை நான் கேட்கவில்லை.

சித்திரையில் பெட்டிகள் போயின.
பூவெல்லாம் உதிர்ந்து முற்றத்தில் தவிடானது.
வாள் நின்ற இடத்திலேயே நின்றது.
ஏணி சரியில்லை என்றார். பிறகு மழை என்றார்.

ஆடியில் புஷ்பலீலா வந்தாள்.
மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு
இரண்டு ஒட்டுமரம், வின்ஃபிரட் கொடுத்ததுதான்.
வருடாவருடம் பூக்கும்,
காய்ப்பது பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குக் காணாது.
இந்த வருடம் கொப்பு தரையில் இழுபடுகிறது,
நாலு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.
என்னிடம் ஒரு கட்டைப்பை நிறையத் தந்து
"உரம் மாத்தினேன் அக்கா," என்றாள்.

நல்ல உரம்தான் போல, என்றேன்.

ராத்திரி நானும் அவரும் நடையில் உட்கார்ந்து தின்றோம்.
சிவப்புத் தோல் எங்களுக்கு நடுவே குவிந்தது.
பேசவில்லை. அவர் ஒரு கொட்டையைத் துப்பப் போய்
என்னைப் பார்த்தார்.
உள்ளங்கையில் துப்பி நீட்டினார்.

வாள் இன்னும் மரத்தில்தான் சாய்ந்திருக்கிறது.
பிடியில் ஒரு குளவி
மண் வைக்கத் தொடங்கியிருக்கிறது.